கவாத்தும் ஒட்டும்



எதிர் வீட்டுப் பெண் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பரீட்சை நெருங்கினால் பாடத்தை ஒப்பிக்க அவளுக்கு ஓர் ஆள் வேண்டும். வீட்டில் எல்லோரும் காலையிலேயே துறைமுகத்து வேலைக்குப் போய்விடுவதால் அந்த ஆள் நான்தான். நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, "தாத்தா, நான் சொல்றது நோட்டுல இருக்கிற மாதிரியே இருக்கான்னு மட்டும் பாருங்க" என்பாள். பாதி புரியாது. ஆனாலும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

போன வாரம் அவள் ஒப்பித்த பாடத்தில் ஒரு மரம் வந்தது. வேர் மேலே, இலைகள் கீழே. ஏனம்மா தலைகீழாக இருக்கிறது என்று கேட்டேன். "கம்ப்யூட்டர்ல மரத்தை அப்படித்தான் தாத்தா வரைவாங்க" என்றாள். அந்த மரத்துக்குக் கவாத்து செய்வார்களாம். வெட்டிய கிளையை வேண்டும்போது மறுபடி ஒட்டுக் கட்டுவார்களாம். கொய்யா மரத்தைப் பற்றிப் பேசுவதுபோல அவள் சொல்லிக்கொண்டே போனாள். எனக்கோ நாற்பது வருஷத்துக்கு முன்னால் நானே என் பேனாவால் செய்த ஒரு கவாத்து ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. அந்த மரம் என்ன என்று தெரிந்தால்தான் என் கதை விளங்கும் என்பதால், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

ஒருவரிடம் உள்ள செய்தி பலருக்குப் போக வேண்டும். அதற்கு என்ன வழி? அலுவலகத்தில் இருந்த நமக்கு மூன்று வழி தெரியும். ஒன்று, ஆளுக்கொரு கடிதம். நூறு பேர் என்றால் நூறு கடிதம், நூறு உறை, நூறு தபால்தலை. இரண்டாவது, தண்டோரா. வேண்டியவர், வேண்டாதவர் எல்லார் காதிலும் விழும். (ஆள் விட்டுப் பறையறைவிக்கும் அந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொல்லித் தமிழக அரசு 2022-இல் உத்தரவிட்டது. நல்ல காரியம். இப்போது ஆட்டோவில் ஒலிபெருக்கி வருகிறது.) மூன்றாவது, சுற்றறிக்கை. ஒரே தாள்தான் கிளம்பும். மாவட்டத்தில் நகலெடுத்து வட்டங்களுக்கு, வட்டத்தில் நகலெடுத்து ஊர்களுக்கு என்று, வழி பிரிகிற இடத்தில் மட்டும் நகல் எடுத்தால் போதும்.

கம்ப்யூட்டர் வலையிலும் இதே மூன்றுதான். ஆளுக்கொன்றாக அனுப்புவது யூனிகாஸ்ட். எல்லோருக்கும் கொட்டுவது பிராட்காஸ்ட். கேட்டவர்களுக்கு மட்டும், வழி பிரிகிற இடத்தில் நகலெடுத்து அனுப்புவது மல்டிகாஸ்ட். வழி பிரிகிற இடத்தில் நிற்கும் பெட்டிக்கு ரவுட்டர் என்று பெயர். நம் தாலுகா அலுவலகத் தபால் பிரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்றாவது வழியை இன்டர்நெட்டுக்குக் கொண்டுவந்தவர் ஸ்டீவ் டீரிங். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது இதில் இறங்கினார். 1989 ஆகஸ்டில் வெளிவந்த அவருடைய விதிமுறை ஆவணம்தான் இன்றுவரை அடிப்படை. அவர் செய்த முதல் காரியம், வீடே இல்லாத ஒரு முகவரியை ஒதுக்கியது. 224-இல் தொடங்கி 239 வரை உள்ள எண்கள் எந்தக் கம்ப்யூட்டருக்கும் சொந்தமில்லை. ஒவ்வொன்றும் ஒரு குழுவின் பெயர், அவ்வளவுதான். அனுப்புகிறவர் அந்தப் பெயருக்கு அனுப்பிவிடுவார். குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். வேண்டுகிறவர் தன் பக்கத்து ரவுட்டரிடம் "நான் இந்தக் குழுவில் இருக்கிறேன்" என்று சொல்லிக்கொள்ள வேண்டும்.

ரவுட்டரும் சும்மா இருப்பதில்லை. சுமார் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் தன் தெருவில் கேட்டுக்கொண்டே இருக்கும்: "இந்தக் குழு யாருக்காவது இன்னும் வேண்டுமா?" ஒரு வீடு "வேண்டும்" என்றால் போதும். அதைக் கேட்ட மற்ற வீடுகள் வாயை மூடிக்கொள்ளலாம். ஒருவருக்காக வருகிற தாள் தெருவுக்கே வந்ததாகிவிடும் அல்லவா?

சரி, மரம் எப்படி முளைக்கிறது? இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரும் தனக்கு வந்த செய்தியை நகலெடுத்து எல்லாப் பக்கமும் அனுப்பினால், அது சுற்றிச் சுற்றி வந்து வலையே திணறிப்போகும். இதற்கு ஒரு வழியை 1978-இலேயே எழுதி வைத்தவர்கள் இருவர். ஒருவர் நம் பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்த யோகன் தலால், மற்றவர் ராபர்ட் மெட்கால்ஃப். விதி ரொம்ப எளிது. காட்டுப்பள்ளியில் இருக்கிற நான் பழவேற்காட்டுக்கு ஒரு ஆளை அனுப்பினால் அவன் எந்த வழியில் போவானோ, அந்த வழியாக வந்த பழவேற்காட்டுச் செய்தியை மட்டும் நான் நம்புவேன். வாங்கி, நகலெடுத்து, மற்ற வழிகளில் அனுப்புவேன். அதே செய்தி மீஞ்சூரைச் சுற்றிக்கொண்டு வேறு பக்கமாக வந்தால் "இது பழைய செய்தி" என்று கிழித்துப் போட்டுவிடுவேன். எல்லா ரவுட்டரும் இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தால், யாரும் உட்கார்ந்து வரையாமலே ஒரு மரம் தானாக உருவாகிவிடுகிறது. வேர், செய்தி பிறந்த இடம். இலைகள் நாம்.

ஆனால் அந்த மரம் எல்லா ஊருக்கும் கிளை விட்டிருக்கும். கேட்காத ஊருக்கும் செய்தி போய்க்கொண்டிருக்கும். இங்கேதான் கவாத்து வருகிறது. கடைசியில் இருக்கும் ரவுட்டர் பார்க்கிறது: தன் தெருவில் யாரும் "வேண்டும்" என்று சொல்லவில்லை. உடனே மேலே இருப்பவருக்கு "எனக்கு அனுப்பாதே" என்று ஒரு சீட்டு அனுப்பும். மேலே இருப்பவருக்குக் கீழே உள்ள எல்லாரும் அப்படிச் சீட்டு அனுப்பிவிட்டால், அவரும் தனக்கு மேலே உள்ளவருக்கு அதே சீட்டை அனுப்புவார். கிளை நுனியிலிருந்து வேரை நோக்கி வெட்டு ஏறிக்கொண்டே போகும். கடைசியில், கேட்டவர்களுக்குப் போகிற கிளைகள் மட்டும் மிஞ்சும்.

டீரிங் எழுதிய 1989 ஆவணத்தைத் தொடர்ந்து 1992 மார்ச்சில் ஒரு பெரிய பரீட்சை நடந்தது. அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் இன்டர்நெட் பொறியாளர்கள் கூடிய கூட்டத்தின் பேச்சை, மூன்று கண்டங்களில் இருபது இடங்களுக்கு இந்த முறையில் ஒலிபரப்பினார்கள். அந்த வலைக்கு எம்போன் என்று பெயர் வைத்தார்கள். ஆரம்பத்தில் அதில் முழுக் கவாத்து கிடையாது. கேட்காத கிளைகளுக்கும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஆட்கள் சேரச் சேரக் கம்பி தாங்கவில்லை. ஓரிரு வருஷத்தில் கவாத்தைச் சேர்த்தார்கள். 1994 நவம்பரில் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பாட்டுக் குழுவின் கச்சேரியில் இருபது நிமிஷம் இதே வலையில் உலகம் முழுக்கப் போனது. இதில் ஒரு வேடிக்கை. அவர்கள் தொடங்குவதற்கு முன்னால், பொறியாளர்களே நடத்திய ஒரு சின்னப் பாட்டுக் குழு, யாரும் அழைக்காமலே அதே வலையில் புகுந்து தன் பாட்டை வாசித்துவிட்டது. மல்டிகாஸ்டில் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பின்னாளில் இது பெரிய குறையாகவும் ஆனது.

இந்த இடத்தில்தான் அந்தப் பெண் ஒரு வரி ஒப்பித்தாள். அதைக் கேட்டுத்தான் நான் நோட்டை மடியில் வைத்துவிட்டேன்.

"கவாத்து நிரந்தரம் இல்லை தாத்தா. அதுக்கு ஆயுள் உண்டு. பி.ஐ.எம். டென்ஸ் மோடுல ஏறக்குறைய மூணு நிமிஷம். அதுக்கப்புறம் அந்த வெட்டு தானா மறந்துபோயிடும். செய்தி மறுபடியும் அந்தக் கிளைக்குப் போகும். வேண்டாம்னா அவங்க மறுபடி சீட்டு அனுப்பணும்."

"ஏனம்மா? ஒரு தரம் வேண்டாம் என்று சொன்னால் போதாதா?"

"சீட்டு தப்பா வந்திருக்கலாம். அந்தத் தெருவுக்குப் புதுசா யாராவது வந்திருக்கலாம். மேலே இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்?"

நண்பர்களே, இப்போது என் கதை.

1984-இல் நான் ஒரு அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. அப்போது இந்தப் பகுதியெல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். திருவள்ளூர் தனி மாவட்டம் ஆனது 1997-இல். என்னிடம் இருந்தது அனுப்புகை. சுற்றறிக்கையை ஸ்டென்சிலில் தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைலில் உருட்டி, முகவரிப் பட்டியலில் உள்ள அறுபது சொச்சம் ஊர்களுக்கும் குப்பங்களுக்கும் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு சுற்றறிக்கையின் கீழும் ஓர் ஒப்புகைச் சீட்டு இருக்கும். அவர்கள் கையெழுத்திட்டுக் கிழித்துத் திருப்பி அனுப்ப வேண்டும்.

தாளுக்கும் மைக்கும் கணக்குக் கேட்ட காலம். தலைமை எழுத்தர் சிக்கனக்காரர். "ஒப்புகை அனுப்பாதவனுக்கு எதுக்கய்யா அனுப்பறீர்?" என்றார் ஒரு நாள். நியாயமாகத்தான் பட்டது. பதிவேட்டை எடுத்துப் பார்த்து, தொடர்ந்து மூன்று தடவை ஒப்புகை வராத ஏழு பெயர்களைச் சிவப்பு மையில் அடித்தேன். ஏழில் ஒன்று ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு குப்பம். அந்த மாதம் ஸ்டென்சில் செலவு குறைந்தது. எனக்குப் பாராட்டும் கிடைத்தது.

அந்த வருஷம் நவம்பர் நடுவில் ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் பக்கத்தில் புயல் கரையைக் கடந்தது. இந்தப் பகுதிப் பெரியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வலை போயிற்று, கட்டுமரம் போயிற்று, கூரை போயிற்று. அதன் பிறகு நிவாரணத்துக்கு மனுக் கொடுக்கும்படி, கடைசித் தேதி போட்டு ஒரு சுற்றறிக்கை வந்தது. நான் வழக்கம்போல உருட்டி, பட்டியலில் இருந்தவர்களுக்கு அனுப்பினேன்.

கடைசித் தேதி முடிந்து ஒன்பதாம் நாள் ஓர் அம்மாள் வந்தார். ஐம்பது வயது இருக்கும். படகில் ஏரியைக் கடந்து, பஸ் பிடித்து வந்திருந்தார். கூட இரண்டு ஆண்கள் வாசலிலேயே நின்றுகொண்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்களுக்குப் பணம் வரப்போகிறதாம், எங்களுக்கு ஏன் தாள் வரவில்லை என்று கேட்டார். நான் பதிவேட்டைப் புரட்டி, விதிப்படிதான் செய்தேன் என்கிற தெம்பில், "உங்க ஊர்லேர்ந்து மூணு தடவை ஒப்புகையே வரலையேம்மா" என்றேன்.

"கையெழுத்துப் போடறவரு போன வருசமே செத்துட்டாருங்கய்யா. தாளு வந்தா பள்ளிக்கூடத்துப் பிள்ளைய விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்குவோம். திருப்பி அனுப்பணும்னு யாருக்குத் தெரியும்?"

அவர்கள் ஒரு தாளையும் வீணாக்கவில்லை. ஊரே உட்கார்ந்து கேட்டிருக்கிறது. பதில் மட்டும்தான் வரவில்லை. பதில் வராததை 'வேண்டாம்' என்று நான் படித்துக்கொண்டேன்.

மேலதிகாரி நல்ல மனிதர். காலதாமதத்துக்கு விளக்கம் எழுதி மனுக்களை மேலே அனுப்பினார். சிலருக்குக் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. எத்தனை பேருக்குக் கிடைக்கவில்லை என்பதை நான் கடைசிவரை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அந்தப் பெண் சொன்ன மரத்தையும் என் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் கவாத்து உண்டு. கவாத்து தப்பில்லை. இல்லாவிட்டால் கம்பியும் தாங்காது, ஸ்டென்சிலும் தாங்காது. ஆனால் அவர்கள் வெட்டுக்கு மூன்று நிமிஷம் ஆயுள் வைத்தார்கள். என் சிவப்பு மைக்கு ஆயுளே இல்லை. அவர்கள் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் தெருவில் போய்க் கேட்டார்கள். நான் மேஜையை விட்டு எழவில்லை.

இன்னொன்றும் உண்டு. வெட்டிய கிளையில் புதிதாக ஒருவர் "எனக்கு வேண்டும்" என்று சொன்னால், மூன்று நிமிஷம்கூடக் காத்திருக்க வேண்டாம். கீழே இருக்கும் ரவுட்டர் உடனே மேலே 'ஒட்டு'ச் சீட்டு அனுப்பும். அது கிளை கிளையாக ஏறி, செய்தி ஓடுகிற இடத்தைத் தொட்டதும் கிளை மறுபடி துளிர்க்கும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்: கவாத்துச் சீட்டுக்கு ஒப்புகை கிடையாது. ஒட்டுச் சீட்டுக்கு மட்டும் உண்டு. மேலே இருப்பவர் "உன் விண்ணப்பம் கிடைத்தது" என்று பதில் சொல்லியே ஆக வேண்டும். பதில் வராவிட்டால் கீழே இருப்பவர் திரும்பத் திரும்ப அனுப்பலாம். எங்கள் அலுவலகத்தில் இது நேர் தலைகீழ். ஊர்க்காரர்கள் எங்களுக்கு ஒப்புகை தர வேண்டும். அவர்கள் மனுவுக்கு நாங்கள் ஒப்புகை கொடுத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

பிறகு, அங்கொருவர் இங்கொருவராகக் கேட்பவர்கள் சிதறி இருந்தால் முதலில் எல்லோருக்கும் கொட்டிவிட்டு அப்புறம் வெட்டுவது வீண் என்று கண்டுகொண்டார்கள். 1994-ஐ ஒட்டி டீரிங்கும் டெபோரா எஸ்ட்ரின் முதலிய கூட்டாளிகளும் இன்னொரு முறையை வகுத்தார்கள். அதில் எதுவும் கொட்டப்படுவதில்லை. கேட்கிறவர் பக்கத்திலிருந்தே மரம் வளரத் தொடங்கி, நடுவில் ஒரு பொது இடத்தைப் போய்ச் சேரும். அந்த இடத்துக்கு ஆங்கிலக்காரர்கள் வைத்த பெயர் எங்கள் பிரெஞ்சுச் சொல்: 'ரான்தெவூ'. சந்திக்கும் இடம். அங்கேயும் "எனக்கு இன்னும் வேண்டும்" என்பதை நிமிஷத்துக்கு ஒரு தரம் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதெல்லாம் பொறியாளர்கள் விளையாட்டு, நமக்கென்ன என்று கேட்கலாம். மும்பை தேசியப் பங்குச் சந்தையைப் பாருங்கள். 2010-ஐ ஒட்டிய வருஷங்களில் அங்கே விலைத் தகவலை உறுப்பினர்களுக்கு ஆளுக்கொரு இணைப்பில், ஒருவர் பின் ஒருவராக அனுப்பினார்கள். அதாவது கடித முறை. வரிசையில் முன்னால் நின்றவருக்கு ஒரு கண்ணிமைக்கு முன்னால் விலை தெரிந்துவிடும். 2014-இல் மல்டிகாஸ்டுக்கு மாறினார்கள். பழைய ஏற்பாடு சமமானதாக இல்லை என்று 2019-இல் செபி உத்தரவிட்டு, 624 கோடி ரூபாய்க்கு மேல் கட்டச் சொன்னது. 2023-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்தத் தொகையை ரத்து செய்து, போதிய கவனம் காட்டாததற்காக 100 கோடி கட்டச் சொன்னது. வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு செய்தி யாருக்கு முதலில் போகிறது என்பது கோடிக்கணக்கில் விலை உள்ள கேள்வி என்பது இதில் தெரிகிறது.

உலகம் முழுக்க ஒரே மரம் என்ற டீரிங்கின் கனவு பலிக்கவில்லை. யார் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்பதும், நடுவில் உள்ள கம்பெனிகளுக்கு யார் காசு கொடுப்பது என்பதும் தடையாகிவிட்டன. இன்று நாம் கைபேசியில் பார்க்கும் கிரிக்கெட் பெரும்பாலும் ஆளுக்கொரு கடிதமாகத்தான் வருகிறது. ஆனால் ஒரே நிறுவனத்தின் வலைக்குள், கம்பி வழித் தொலைக்காட்சியிலும் பங்குச் சந்தையிலும் மரம் உயிரோடு இருக்கிறது.

ஒரு வகைச் செய்திக்கு மட்டும் மரமே கூடாது என்பது என் அபிப்பிராயம். ஆபத்துச் செய்திக்கு. 2004 டிசம்பர் 26 காலை, எங்கள் புதுச்சேரிப் பக்கத்து நல்லவாடு குப்பத்துக்கு சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து எச்சரித்தார். அங்கே சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் ஊருக்கே சொன்னார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள். அன்றைக்கு யார் உறுப்பினர், யார் ஒப்புகை அனுப்பினார் என்று பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2007-இல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. 2023 அக்டோபரில் ஒரு நாள் நம் கைபேசிகள் ஒரே நேரத்தில் அலறினவே, ஞாபகம் இருக்கிறதா? அது டவர் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைபேசிக்கும் ஒரே அடியாகப் போகும் சோதனைச் செய்தி. தண்டோராவின் பேரன். அதைத் திட்டியவர்கள் உண்டு. நான் திட்டவில்லை.

முடிக்கும் முன் ஒரு சொல். பள்ளியில் எனக்குப் பாடமெல்லாம் பிரெஞ்சில் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதுச் சொல் எது வந்தாலும் அதற்குப் பிரெஞ்சில் என்ன என்று மனம் ஓடும். ஒட்டுக்கு 'கிரெஃப்'. கோர்ட்டில் ஆவணங்களை வைத்துக் காக்கும் எழுத்தர் பிரிவுக்கும் 'கிரெஃப்' என்றுதான் பெயர். அங்கே இருப்பவர் 'கிரெஃபியே', அதாவது நம்மைப் போல் ஒரு குமாஸ்தா. இரண்டு சொல்லும் எழுத்தாணி என்று பொருள்படும் ஒரே லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. ஒட்டுக்குச்சியைச் சீவினால் எழுத்தாணி போல இருக்குமாம்.

1984-இல் அந்த அம்மாள் போகும் முன் ஒன்று கேட்டார். "எங்க ஊரு பேர எழுதிக்குங்கய்யா. நான் பாத்துட்டுப் போறேன்." சிவப்பு மையில் அடித்திருந்த பெயருக்குக் கீழே, அவர் கண் முன்னால் நீல மையில் மறுபடி எழுதினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எழுதி முடிக்கும்வரை பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் போன பிறகு மற்ற ஆறு பெயரையும் எழுதினேன். அந்த இருக்கையில் இருந்தவரை, வருஷத்துக்கு ஒரு தரம், ஏப்ரல் மாதம், அடித்த பெயர் எல்லாவற்றையும் பட்டியலில் திரும்பச் சேர்த்துவிடுவேன். தலைமை எழுத்தர் முணுமுணுப்பார்.

எதிர் வீட்டுப் பெண் பரீட்சை எழுதிவிட்டு வந்தாள். கவாத்துக் கேள்வி வந்ததாம், பதின்மூன்று மார்க். "ஆயுள் மூணு நிமிஷம்னு எழுதினியாம்மா?" என்று கேட்டேன். "அதைத்தான் தாத்தா முதல்ல எழுதினேன்" என்றாள்.